வீட்டுத் தானியங்கிகளுக்கு நம்பகமான மோட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி? கோழிக்கூண்டுக் கதவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோழிக்கூண்டுக்குத் தானாகத் திறந்து மூடும் கதவு செய்ய நினைப்பவர்கள் கடைக்குப் போய் முதலில் கேட்பது, "எந்த மோட்டார் நல்லது?" என்றுதான். கதவின் எடை, அது ஏற வேண்டிய உயரம், மழையில் ஊறினால் எவ்வளவு இறுகும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரியாமல் அந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. கடைக்காரர் கையிருப்பில் உள்ளதைத் தருவார். அது முதல் வாரம் ஓடும். ஐப்பசி மழையில் நின்றுபோகும்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கதவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நாளுக்கு இரண்டே முறை இயங்கும் எளிய வேலை அது. ஆனால் ஆண்டுக்கு 730 முறை தவறாமல் நடக்க வேண்டும். ஒரு மாலை மூடாமல் விட்டால் அன்றிரவே மரநாய் உள்ளே வந்துவிடும். ஒரு காலை திறக்காமல் விட்டால் சித்திரை வெயிலில் கோழிகள் தண்ணீரின்றி அடைபட்டுக் கிடக்கும். திரைச்சீலை இழுக்கும் கருவி, கேமரா நகரும் தண்டவாளம், மாடித் தோட்டத்து நிழல்வலை என்று நீங்கள் எதைச் செய்தாலும் இதே வரிசையில் யோசிக்கலாம்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். "மோட்டார் போய்விட்டது" என்று தூக்கிப்போடப்பட்டவற்றைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே சுருள் நன்றாகவே இருக்கும். பல் உடைந்த கியர், மோட்டாரின் சுழல்தண்டான ஷாஃப்ட்டில் நழுவிய திருகு, மெல்லிய வயர், கருகிய டிரைவர் போர்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்சுற்று) ஆகியவைதான் உண்மையான காரணமாக இருக்கும். ஆகவே நம்பகம் என்பதை மோட்டாரில் மட்டும் தேடாமல், சுமையிலிருந்து பேட்டரி வரையுள்ள மொத்தச் சங்கிலியிலும் தேட வேண்டும்.

முதல் படி: அசைவைத் தாளில் எழுதுங்கள்

மோட்டாரைச் சற்று மறந்துவிட்டு அசைவை மட்டும் எழுதுங்கள். எது நகர்கிறது, நேராகவா சுழன்றா, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்துக்குள்? அதன் பிறகு மூன்று கேள்விகள். நின்ற பின்பும் அது சுமையைத் தாங்கி நிற்க வேண்டுமா? இரு முனைகளில் நின்றால் போதுமா, இடையில் எந்தப் புள்ளியிலும் துல்லியமாக நிற்க வேண்டுமா? தொடர்ந்து ஓடுமா, எப்போதாவது ஓடுமா?

நம் கதவுக்கான விடைகள் இவை: செங்குத்தாக 40 செ.மீ. ஏற வேண்டும். 15 முதல் 20 விநாடி ஆகலாம், அவசரம் எதுவும் இல்லை. பகல் முழுவதும் மேலேயே நிற்க வேண்டும். இரு முனைகள் போதும். நாளுக்கு இரு முறை. 12 வோல்ட் பேட்டரி. தூசியும் ஈரமும் உண்டு. இந்த ஒரு பத்தியே கடையில் உள்ள முக்கால்வாசிப் பொருள்களை ஒதுக்கிவிடும்.

இரண்டாம் படி: இழுத்து அளவிடுங்கள்

கதவின் எடையைக் கணக்கில் வைத்து மோட்டார் வாங்குவது போதாது. பள்ளத்தில் உரசும்போது உராய்வு சேரும். பயணப் பெட்டிகளை எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் போதும். கதவைப் பொருத்தி, மோட்டார் இழுக்கப்போகும் அதே புள்ளியில் கொக்கியை மாட்டி, மெதுவாகத் தூக்குங்கள். அசையத் தொடங்கும் கணத்தில் காட்டும் எண்தான் மிகப் பெரியது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளத்தில் கொஞ்சம் மணலைத் தூவி, கதவை நனைத்து, மறுபடி அளவிடுங்கள். ஒரு மூலையை லேசாகச் சாய்த்தும் அளவிடுங்கள், ஏனென்றால் ஒற்றைக் கயிற்றில் தொங்கும் கதவு என்றாவது ஒருநாள் சாயத்தான் செய்யும்.

800 கிராம் எடையுள்ள ஒட்டுப்பலகைக் கதவு காய்ந்த நிலையில் 1.2 கிலோ இழுவை கேட்டு, சேறும் ஈரமும் சேர்ந்தபின் 2 கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் இடம்பெற வேண்டியது அந்த 2 கிலோதான். இந்த நிலையிலேயே பள்ளத்தைச் சற்று அகலமாக்கினாலோ, பலகைக்குப் பதில் அலுமினியத் தகடு போட்டாலோ இழுவை கணிசமாகக் குறையும். உராய்வைக் குறைக்க ஆகும் செலவு, பெரிய மோட்டாருக்கு ஆகும் செலவைவிட எப்போதும் குறைவு.

மூன்றாம் படி: டார்க்கும் வேகமும்

கயிறு சுற்றும் உருளையின் ஆரம் 1.5 செ.மீ. என்றால், தேவைப்படும் டார்க், அதாவது சுழற்றும் விசை, 2 × 1.5 = 3 கிலோ-செ.மீ. உருளையின் சுற்றளவு சுமார் 9.4 செ.மீ.; 40 செ.மீ. ஏற நாலேகால் சுற்று வேண்டும். அதை 17 விநாடியில் முடிக்க 15 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 15 சுற்று) தேவை. உருளையைச் சிறிதாக்கினால் டார்க் குறையும், ஆர்பிஎம் கூடும். இந்த ஒரு மாற்றம் உங்கள் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

சாதாரண டிசி மோட்டாரின் இயல்பைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். சுமை இல்லாதபோது அது முழு வேகத்தில் ஓடும். டார்க் ஏறத்தாழ ஏதுமில்லை. ஷாஃப்ட்டை அசையாமல் பிடித்துவிட்டால் வேகம் பூஜ்யம். டார்க் உச்சத்தில் இருக்கும். அதுதான் ஸ்டால் நிலை. இந்த இரண்டுக்கும் நடுவே உறவு ஏறத்தாழ நேர்க்கோடு. விற்பனைப் பக்கங்களில் பெரிய எழுத்தில் போடப்படுவது ஸ்டால் டார்க். அந்த நிலையில் மோட்டார் வேலை எதுவும் செய்யாமல் வெறும் அடுப்பாக எரிந்துகொண்டிருக்கும். ஸ்டால் டார்க்கின் கால் பங்குக்குள் உங்கள் சுமை அடங்கினால் மோட்டார் குளிர்ச்சியாக ஓடும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கதவுக்கு 3 கிலோ-செ.மீ. வேண்டும் என்பதால் ஸ்டால் டார்க் குறைந்தது 12 இருக்க வேண்டும். கால் பங்குச் சுமையில் வேகமும் கால் பங்கு குறையும் என்பதால், சுமையின்றி 20 ஆர்பிஎம் ஓடும் மோட்டார் நமக்கு 15 ஆர்பிஎம் தரும். "12 வோல்ட், 20 ஆர்பிஎம், ஸ்டால் 12 கிலோ-செ.மீ. அல்லது அதற்கு மேல்" என்று இப்போது கடையில் கேட்க முடியும்.

அதோடு பேட்டரி இறங்கிய நிலையையும் சேர்த்துப் பாருங்கள். வேகம், ஸ்டால் டார்க் இரண்டுமே மின்னழுத்தத்தோடு சேர்ந்து குறையும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10.8 வோல்ட் கிடைத்தால் இரண்டிலும் பத்து சதவீதம் போய்விடும். அதனால் 12-க்கு மேல் 15 கிலோ-செ.மீ. வாங்கினால் தவறில்லை. அதற்காக 100 வாங்காதீர்கள். கதவு சிக்கிக்கொண்டால் அவ்வளவு டார்க் கதவையே பிய்த்துவிடும், இடையில் மாட்டிய கோழியையும் நசுக்கிவிடும்.

விவரத்தாளில் உள்ள எண்கள் உண்மையா என்று பார்க்க ஒரு சிறு கணக்கு உண்டு. ஓடும் நிலையில் தரும் டார்க்கை கிலோ-செ.மீ.யில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் ஏறத்தாழ வாட் கணக்கில் வெளிவரும் ஆற்றல் கிடைக்கும். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்குள் போவது 6 வாட். அது 100 ஆர்பிஎம்மில் 30 கிலோ-செ.மீ. தரும் என்று ஒரு பட்டியல் சொன்னால் வெளியே 30 வாட் வர வேண்டும். உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம் என்றால் அந்தப் பட்டியலில் உள்ள மற்ற எண்களையும் நம்ப வேண்டாம். நம் கதவுக்கு இந்தக் கணக்கு தருவது அரை வாட்டுக்கும் குறைவு. கியரில் வீணாவதையும் சேர்த்தாலும் ஒரு சிறிய மோட்டார் தாராளமாகப் போதும்.

அலகுகளில் கவனம் தேவை. சில பட்டியல்களில் கிராம்-செ.மீ. இருக்கும், சிலவற்றில் நியூட்டன்-மீட்டர் இருக்கும். ஒரு நியூட்டன்-மீட்டர் என்பது சுமார் 10.2 கிலோ-செ.மீ.

நான்காம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுத் தானியங்கிகளில் பாதிக்கு மேல் கியர் பொருத்திய டிசி மோட்டாரிலேயே முடிந்துவிடும். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் டிடி மோட்டார் பள்ளிச் செயல்திட்ட வண்டிகளுக்கு ஏற்றது. தினமும் ஓட வேண்டிய எதிலும் அதை வைக்காதீர்கள். விரலளவு இருக்கும் என்20 மோட்டாரில் உலோகக் கியர் உண்டு, சிறு பூட்டுகளுக்கும் தீவனக் கதவுகளுக்கும் நல்லது. ஆனால் அதன் 3 மி.மீ. ஷாஃப்ட்டில் பக்கவாட்டுச் சுமையைத் தொங்கவிடக் கூடாது. நம்மூர்க் கடைகளில் ஜான்சன் கியர் மோட்டார் என்று கேட்டால் கிடைக்கும் 12 வோல்ட், 6 மி.மீ. ஷாஃப்ட் வகைதான் நடுத்தர வேலைகளுக்கு என் முதல் தேர்வு. 10 முதல் 1000 ஆர்பிஎம் வரை கிடைக்கிறது, மாற்று உதிரியும் எளிதில் கிடைக்கிறது.

கியர் விகிதம் மிக அதிகமான, அதாவது 10 ஆர்பிஎம் போன்ற மிக மெதுவான மோட்டார்களில் ஒரு ஆபத்து இருக்கிறது. மோட்டார் நிற்பதற்கு முன்பே கியரின் கடைசிப் பல் உடைந்துவிடும். பட்டியலில் உள்ள ஸ்டால் டார்க் மோட்டாரின் டார்க்கைக் கியர் விகிதத்தால் பெருக்கிய வெறும் கணக்காகவே பல நேரங்களில் இருக்கும். கியர் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. இவ்வகை மோட்டாரை ஒருபோதும் இறுதிவரை அழுத்தி நிறுத்தாதீர்கள்.

கதவு மேலேயே நிற்க வேண்டும் என்பது நம் நிபந்தனை. நேர்ப்பல் கியர் மோட்டார் மின்சாரம் நின்றதும் சுமையின் இழுப்பில் மெல்லப் பின்னோக்கிச் சுற்றக்கூடும். வார்ம் கியர் அப்படி விடாது. திருகு போன்ற உருளை பற்சக்கரத்தைச் சுற்றும். பற்சக்கரத்தால் திருகைத் திருப்பிச் சுற்ற இயலாது, குறிப்பாக விகிதம் அதிகமாக இருக்கும்போது. செயல்திறன் பாதியாகக் குறையலாம். ஆனால் பகல் முழுவதும் ஒரு துளி மின்சாரமும் இல்லாமல் கதவைத் தாங்கும். ஆகவே கூண்டுக் கதவுக்கு வார்ம் கியர் மோட்டாரே என் பரிந்துரை.

வலுவான வார்ம் கியர் மோட்டார் குறைந்த விலையில் வேண்டுமானால் கார் வைப்பர் மோட்டாரைப் பாருங்கள். சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய வாகன உதிரிச் சந்தைகளில் கிடைக்கும். நிழல்வலை சுருட்டவும் சிறிய நகரும் வாயிலுக்கும் பொருத்தமானது. மழையையும் அதிர்வையும் தாங்கவே செய்யப்பட்டது அது. ஆனால் பல வைப்பர் மோட்டார்களில் உலோக உடலே நெகட்டிவ் இணைப்பாக இருக்கும். திசை மாற்றத் துருவத்தை மாற்றும்போது உடலில் பாசிட்டிவ் வந்துவிடும். இரும்புச் சட்டத்தில் நேரடியாக முடுக்கியிருந்தால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் வாஷரும் உறையும் போட்டு உடலைச் சட்டத்திலிருந்து பிரித்துப் பொருத்துங்கள்.

கோணத்தைச் சொன்னால் அங்கே போய் நிற்பது சர்வோ. 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பின் அகலம் 1 முதல் 2 மில்லி விநாடி வரை மாறும்போது கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். எஸ்ஜி90 என்ற 9 கிராம் சர்வோவை எல்லோரும் வாங்குகிறோம். அதன் 1.8 கிலோ-செ.மீ. என்பது ஸ்டால் அளவு. 6 செ.மீ. நீளக் கையின் நுனியில் அது 300 கிராம் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு விதிப்படி 100 கிராம் மட்டுமே நம்பலாம். காற்றோட்டச் சாளரத்தின் சிறு மடலைத் திறக்க அது போதும். அதற்கு மேல் உலோகக் கியருள்ள எம்ஜி90எஸ், இன்னும் மேலே 55 கிராம் எடையுள்ள எம்ஜி996ஆர். சர்வோ சுமையைத் தாங்கி நிற்கும்போதெல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டே, மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் தாங்க வேண்டிய இடத்தில் சர்வோவை வைக்க வேண்டாம்.

படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் துல்லியத்துக்கானது. நீமா 17 என்பது முகப்பின் அளவைக் குறிக்கும் பெயர், 1.7 அங்குலம், அதாவது சுமார் 42 மி.மீ. சதுரம். அதே நீமா 17 அளவில் மெலிந்ததும் தடித்ததும் உண்டு, டார்க்கில் பல மடங்கு வேறுபாடு இருக்கும். ஒரு படிக்கு 1.8 பாகை, ஒரு சுற்றுக்கு 200 படி. 20 பல் ஜிடி2 புல்லியும் 2 மி.மீ. பெல்ட்டும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும், ஒவ்வொரு படியையும் டிரைவர் பதினாறாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பில் மி.மீ.க்கு 80 படி. கேமரா தண்டவாளத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஸ்டெப்பரில் பலரும் ஏமாறும் இடம் 'ஹோல்டிங் டார்க்'. அது நின்ற நிலையில் உள்ள டார்க். வேகம் கூடக் கூடச் சுருளுக்குள் மின்னோட்டம் ஏற நேரம் போதாமல் டார்க் சரிந்துகொண்டே போகும். 12 வோல்ட்டில் திணறும் மோட்டார் 24 வோல்ட்டில் சுறுசுறுப்பாக ஓடுவதற்கு இதுவே காரணம். மோட்டாரில் 2.8 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். ஏ4988, டிஎம்சி2209 போன்ற டிரைவர்கள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆனால் அந்த மின்னோட்ட அளவை நீங்கள்தான் சரியாக வைக்க வேண்டும். டிரைவரில் மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் அந்த நொடியே போய்விடலாம்.

சுமை அதிகமானால் ஸ்டெப்பர் படிகளைத் தவறவிடும். தவறவிட்டது அதற்கே தெரியாது. எனவே தொடக்கப்புள்ளியைக் கண்டறியும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். பேட்டரியில் ஓடும் கதவுக்கு ஸ்டெப்பர் உகந்ததல்ல. நின்றிருக்கும்போதும் அரை ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும்.

லீனியர் ஆக்சுவேட்டர் என்பது மோட்டார், கியர், திருகு மூன்றையும் ஒரே குழாயில் அடைத்தது. நேராகத் தள்ளும், இழுக்கும். பெரும்பாலானவற்றில் முனைகளில் நிற்கும் சுவிட்சுகள் உள்ளேயே இருக்கும், மின்சாரமின்றியும் இடத்தைத் தாங்கும். சன்னல், கூரைத் திறப்பு, சூரியத்தகட்டைச் சாய்ப்பது போன்றவற்றுக்கு இதுவே சிறந்தது. விசை கூடினால் வேகம் குறையும். இரண்டையும் சேர்த்தே பட்டியலில் பாருங்கள். இயங்கும் நேர விகிதத்தையும் பாருங்கள். 10 சதவீதம் என்று இருந்தால் 2 நிமிடம் ஓடியபின் 18 நிமிடம் ஓய்வு. கோழிக்கதவுக்கும் பொருந்தும், ஆனால் 1000 நியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை. இடையில் கோழி நின்றால் அது தயங்காது. மின்னோட்டம் திடீரென ஏறினால் நிறுத்தும் ஏற்பாடு இல்லாமல் இதைக் கதவுக்கு வைக்காதீர்கள்.

திருகை நீங்களே ஸ்டெப்பரோடு இணைப்பதானால் 8 மி.மீ. தடிமனுள்ள டி8 திருகில் இரு வகை உண்டு. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்வது வேகமானது, ஆனால் மின்சாரம் நின்றால் செங்குத்துச் சுமை தானே இறங்கக்கூடும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்வது மெதுவானது, அப்படியே நிற்கும்.

சாலினாய்டு, அதாவது மின்காந்தச் சுருளால் இரும்புத்தண்டை இழுக்கும் கருவி, பூட்டுகளுக்கு மட்டுமே ஏற்றது. இரும்புத்தண்டு தள்ளி இருக்கும்போது இழுவிசை மிகக் குறைவு. தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் பல வகைகள் சுட்டுவிடும். பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டார்கள் வேகமான, நீண்ட நேர வேலைகளுக்கு அருமையானவை. மெதுவாக ஏறி இறங்கும் கதவுக்கு அவற்றின் டிரைவர் சிக்கல் தேவையில்லை.

முட்டை அடைகாக்கும் பெட்டி செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. முட்டைத் தட்டைச் சாய்க்க வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சிறிய சின்க்ரனஸ் மோட்டார் போதும். 50 ஹெர்ட்ஸ் அலைவோடு ஒட்டி ஓடுவதால் வேகம் மாறாது. பெரும்பாலானவை தடுத்து நிறுத்தப்பட்டாலும் எளிதில் எரிவதில்லை. சில வகைகள் எந்தத் திசையில் தொடங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இரு திசையிலும் வேலை செய்யும் வகையில் சுழல்கையோடு தட்டை இணையுங்கள். 230 வோல்ட் என்பதால் இணைப்புகளை மூடி, கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள லைனிலேயே மாட்டுங்கள். கோழிமுட்டைக்கு 21 நாளில் 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும் என்பதால் தனி சுவிட்சும் வையுங்கள்.

ஐந்தாம் படி: நிற்கும் இடத்தை உறுதிப்படுத்துங்கள்

கதவுகள் ஓடும்போது கெடுவதைவிட நிற்க வேண்டிய இடத்தில் கெடுவதே அதிகம். கயிற்றில் தொங்கும் கதவு இறங்கும்போது பள்ளத்தில் ஒரு சோளத்தட்டை சிக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். கதவு பாதியில் நிற்கும். மோட்டாருக்கு அது தெரியாது. கயிறு தளர்ந்து உருளையிலிருந்து அவிழ்ந்துகொண்டே வரும். முழுக் கயிறும் அவிழ்ந்தபின்னும் மோட்டார் அதே திசையில் சுற்றினால், கயிறு உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். இப்போது 'மூடு' என்ற கட்டளைக்குக் கதவு மேலே ஏறும். இருட்டியபின் கூண்டு முழுவதும் திறந்து நிற்கும்.

இதைத் தவிர்க்க மூன்று ஏற்பாடுகள் ஒன்றாக வேண்டும். கீழ் லிமிட் சுவிட்சை, அதாவது பயணத்தின் முனையைக் காட்டும் சுவிட்சை, கதவே வந்து அழுத்த வேண்டும். உருளையின் சுற்றை எண்ணியோ விநாடியை எண்ணியோ மூடிவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. இரண்டாவதாக, 25 விநாடிக்குள் கீழ் சுவிட்ச் அழுத்தப்படாவிட்டால் மோட்டாரை நிறுத்தி, வீட்டுக்குள் கேட்கும்படி ஒரு பஸர் ஒலிக்க வேண்டும். மூன்றாவதாக, கயிறு தளர்ந்தால் விடுபடும் சிறு நெம்புகோல் சுவிட்ச் ஒன்றைக் கயிற்றின் வழியில் வைக்கலாம்.

லிமிட் சுவிட்சை மைக்ரோகண்ட்ரோலருக்கு (நிரலை ஓட்டும் சிறு சிப்) மட்டும் இணைப்பது போதாது. நிரல் உறைந்துபோனால் மோட்டார் நிற்காது. சுவிட்சின் வழக்கமாக மூடியிருக்கும் முனைகளை மோட்டார் வயரிலேயே தொடராக இணைத்து, அந்த முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடைப் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) போடுங்கள். கதவு முனையைத் தொட்டதும் அந்தத் திசையில் மின்சாரம் அறுபடும். எதிர்த்திசையில் டயோடு வழியாகப் பாய்ந்து கதவை விடுவிக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, டயோடுகள் எதிரெதிர்த் திசையில். மோட்டாரின் ஸ்டால் மின்னோட்டம் 1 ஆம்பியருக்குள் என்றால் 1என்4007, 3 ஆம்பியர் வரை என்றால் 1என்5408. சில ரூபாய்ச் செலவில் இவ்வளவு பாதுகாப்பு வேறு எதிலும் கிடையாது.

தூசி அதிகமான இடத்தில் காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச் நல்லது. அதன் தொடுமுனைகள் கண்ணாடிக்குள் அடைபட்டவை. ஆனால் மோட்டார் மின்னோட்டத்தை அது தாங்காது, கண்ட்ரோலருக்குச் செய்தி சொல்ல மட்டும் வையுங்கள்.

ஆறாம் படி: மின்சாரப் பக்கம்

டிரைவரையும் பேட்டரியையும் ஓடும் மின்னோட்டத்துக்கு அல்ல, ஸ்டால் மின்னோட்டத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மோட்டார் ஒரு கணம் ஸ்டால் நிலையில்தான் இருக்கிறது. மல்டிமீட்டரால் மோட்டார் முனைகளுக்கு இடையே மின்தடையை அளவிடுங்கள். ஷாஃப்ட்டைச் சற்றுச் சற்றாகத் திருப்பிப் பல இடங்களில் பார்த்து, மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். 4 ஓம் என்றால் 12 ÷ 4 = 3 ஆம்பியர். டிரைவர் அதைவிட ஒன்றரை மடங்காவது தாங்க வேண்டும்.

எங்கும் கிடைக்கும் எல்298என் போர்டு பழைய வடிவமைப்பு. 1 ஆம்பியர் ஓடும்போதே சுமார் 2 வோல்ட்டை அது விழுங்கி வெப்பமாக்கிவிடும். சிறிய மோட்டாருக்கு டிபி6612, பெரியதற்கு பிடிஎஸ்7960 போன்ற மாஸ்ஃபெட் டிரைவர்கள் எவ்வளவோ மேல். நாளுக்கு இரு முறை திசை மாற்ற மட்டும் என்றால் இரட்டை முனை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றே போதும்.

வயரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 0.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 மீட்டர் தூரம் என்றால் போகவர 20 மீட்டர், மின்தடை சுமார் 0.7 ஓம். 3 ஆம்பியர் கேட்கும் தொடக்கக் கணத்தில் 2 வோல்ட் வயரிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு மூன்றில் ஒன்றாகும்.

பேட்டரிக் கணக்கில் பலரும் எதிர்பாராதது இது. மோட்டார் 1 ஆம்பியரில் நாளுக்கு 34 விநாடி ஓடினால் செலவு 0.01 ஆம்பியர்-மணிதான். ஆனால் விழித்தே இருக்கும் கண்ட்ரோலர் போர்டு 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளைக்குள் காலி. போர்டை உறங்க வைக்கும் நிரலை எழுதுங்கள் அல்லது சிறு சூரியத்தகடு சேருங்கள்.

மோட்டார் தொடங்கும்போது கண்ட்ரோலர் தானாக மறுதொடக்கம் ஆனால், மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது என்று பொருள். கண்ட்ரோலருக்குத் தனி ரெகுலேட்டர், சர்வோவின் மின்வழியில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட சிறு செராமிக் மின்தேக்கி ஆகியவை இதைத் தீர்க்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்காமல் எதையும் இயக்காதீர்கள்.

ஏழாம் படி: பொருத்துதல்

கியர் மோட்டாரின் ஷாஃப்ட் சுற்றுவதற்காக உள்ளது, சுமப்பதற்காக அல்ல. கயிற்று உருளையை நேரடியாக ஷாஃப்ட் நுனியில் மாட்டினால் அதன் முன்பக்கப் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) ஒருபக்கமாகத் தேயும். உருளைக்கு இருபுறமும் தனி பேரிங் கொடுத்து, மோட்டாரை நெகிழும் கப்ளிங் வழியாக இணையுங்கள். ஒருபக்கம் தட்டையான ஷாஃப்ட் என்றால் திருகு அந்தத் தட்டை முகத்தில்தான் இறங்க வேண்டும். திருகுப்பசை ஒரு சொட்டு விடுங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த தாங்கிகளில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவும். சுமார் 60 பாகை செல்சியஸில் அது இளகத் தொடங்கும். ஸ்டெப்பர் மோட்டாரின் உடல் அந்தச் சூட்டை எளிதாக எட்டும். தகரக் கூரையின் கீழ் மே மாத வெயிலே போதும். பெட்ஜி பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடு சரி. ஷாஃப்ட் கீழ்நோக்கி இருக்கும்படி மோட்டாரை மாட்டினால் நீர் உள்ளே இறங்காது. மூடிய பெட்டி என்றால் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள், உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேறட்டும்.

எட்டாம் படி: கடையில்

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிவது பெரிய வாய்ப்பு. ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள்; பக்கவாட்டு ஆட்டம் தெரிந்தால் புஷ் சரியில்லை. மெல்ல இருபுறமும் திருப்பி, பற்களுக்கு இடையேயான தளர்வை உணருங்கள். கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள்: சீரான இரைச்சல் நல்லது, ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை 'டக்' என்றால் ஒரு பல் பழுது. சர்வோவை எடைபோட்டுப் பாருங்கள். 55 கிராம் இருக்க வேண்டியது கணிசமாகக் குறைந்தால் உள்ளே உள்ள கியரும் மோட்டாரும் வேறு. பழைய மோட்டார் என்றால் கார்பன் பிரஷ் எவ்வளவு மீதி என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பிடித்திருந்தால் ஒரே தொகுப்பில் இரண்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு அதே ஷாஃப்ட் நீளமும் அதே துளை இடைவெளியும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஒன்பதாம் படி: கோழிகளை நம்பி விடுமுன் சோதியுங்கள்

கதவைக் கூண்டில் பொருத்தி, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு எடையைக் கட்டி, 100 முறை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். உடலைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் மோட்டார் சிறியது அல்லது உராய்வு பெரியது. பிறகு பேட்டரியை 11 வோல்ட்டுக்கு இறக்கி ஓட்டுங்கள். பள்ளத்தை நனைத்து ஓட்டுங்கள். கதவின் வழியில் வேண்டுமென்றே ஒரு கட்டையை வைத்து, 25 விநாடியில் நின்று பஸர் ஒலிக்கிறதா என்று பாருங்கள். பாதி வழியில் மின்சாரத்தைத் துண்டித்து, திரும்ப வந்ததும் கதவு என்ன செய்கிறது என்று பாருங்கள். இவற்றில் ஒன்றில் தடுமாறினாலும் அதைச் சரிசெய்யும் வரை மாலையில் நீங்களே போய்க் கதவை மூடுங்கள்.

எல்லாம் சரியானபின் காய்ந்த நிலையில் கதவு ஏறும்போது எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து, கதவின் உட்புறத்தில் அழியாத மையால் தேதியோடு எழுதிவையுங்கள். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், மறுபடி அளவிடுங்கள். எழுதிய எண்ணைவிடப் பாதி மடங்கு கூடியிருந்தால் மோட்டாரைத் தொடாமல் முதலில் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், அடுத்து கயிற்றையும் பேரிங்கையும் பாருங்கள். அதன் பிறகும் எண் இறங்காவிட்டால், எடுத்துவைத்த இரண்டாவது மோட்டாரை மாட்டும் நேரம் வந்துவிட்டது.